கோகோ கட்டி தட்டாமல் குளுகுளு சாக்லேட் பால்: இரண்டு கரண்டி கொதிநீரில் தொடங்குங்கள்

கேள்வி: பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. மதியம் ஆனால் போதும், 'சில்லுனு சாக்லேட் பால் வேணும்' என்று வந்து நிற்கிறார்கள். தினமும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கோகோ பவுடர் வாங்கி ஃப்ரிட்ஜ் பாலில் கலந்தால் தூள் மேலேயே மிதக்கிறது. எவ்வளவு கலக்கினாலும் குட்டிக் குட்டி உருண்டைகள் கரைவதில்லை. ஐஸ் போட்டால் சற்று நேரத்தில் தண்ணீராகிவிடுகிறது. இந்த வெயிலில் அடுப்பு முன்னால் நிற்காமல் சட்டென்று செய்ய வழி சொல்லுங்கள். (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: கோகோவை நேராகக் குளிர்ந்த பாலில் போடுவதால்தான் இந்தச் சிக்கல். முதலில் இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் அதைக் குழைத்துவிட்டு, அப்புறம் பாலை ஊற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

காரணம் இதுதான். கொழுப்பைப் பிழிந்து எடுத்த பிறகும் கோகோ பவுடரில் சுமார் 10 முதல் 24 சதவீதம் வரை கோகோ வெண்ணெய் இருக்கும். அது உருக ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஃப்ரிட்ஜ் பாலோ 5 டிகிரியில் இருக்கிறது. அந்தக் குளிரில் கொழுப்பு இறுகியே கிடப்பதால் தூளுக்குள் ஈரம் ஏறாது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்து ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்ள, உள்ளே உலர்ந்த தூள் அப்படியே இருக்கும். அந்த உருண்டையை அமுக்கிப் பாருங்கள், உள்ளிருந்து காய்ந்த தூள் கொட்டும். இன்னொரு விஷயம், கோகோவின் மணமும் சூடு பட்டால்தான் நன்றாக வெளியே வரும். பச்சைத் தண்ணீரில் குழைத்ததையும் வெந்நீரில் குழைத்ததையும் முகர்ந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு டம்ளருக்கான அளவு சொல்கிறேன். கோகோ பவுடர் தட்டையாக இரண்டு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் அளவு. சர்க்கரை மூன்று தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மூன்றையும் தண்ணீர் விடாமல் முதலில் கலந்துவிடுங்கள். சர்க்கரைப் பரல்கள் கோகோவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கும். இப்போது கொதிக்கிற தண்ணீரை ஒரு கரண்டி மட்டும் விட்டு, கரண்டியின் முதுகால் டம்ளரின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். முதலில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். விடாமல் தேய்த்தால் அரை நிமிடத்தில் நிறம் கறுத்து, மேலே ஒரு பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பு வந்த பிறகு அடுத்த கரண்டி வெந்நீர். அதுவும் கலந்ததும் 200 மி.லி. குளிர்ந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் கொதிக்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று நிமிட வேலை. மின்கெட்டில் இருந்தால் அடுப்பே வேண்டாம்.

பால் சேர்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காபி ஆற்றுவது போல டம்ளரிலும் டவராவிலும் நான்கைந்து முறை தூக்கி ஆற்றுங்கள். அடியில் தங்கியதும் கலந்துவிடும், நுரையும் நன்றாக எழும்பும். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களும் மாயா மக்களும் கோகோ பானத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றித்தான் நுரைக்க வைத்தார்கள். மாயாக்களின் பழைய குவளை ஒன்றில் ஒரு பெண் அப்படி ஊற்றும் ஓவியமே இருக்கிறது. டவரா இல்லையென்றால் இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள். மத்து இருந்தால் இன்னும் நல்லது.

சரி, ஐஸ் விஷயம். 35 டிகிரி வெக்கையில் வெளியே இருக்கும் ஒரு டம்ளர் பாலை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 65 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். ஊற்றிய பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்த்ததாக ஆகிவிடும். அது நீர்த்துப் போவதில் வியப்பில்லை. அதனால் பாலைக் காலையிலேயே காய்ச்சி, ஆடையை வடிகட்டி எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். டம்ளரையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் நல்லது. எவர்சில்வர் என்றால் கண்ணாடியைப் போல விரிசல் விடும் பயம் இல்லை. கொதிநீரில் குழைத்ததால் பாலின் குளிர் ஒரு 10 டிகிரி வரை குறையும். அதைச் சரிக்கட்டத் தண்ணீர் ஐஸ் போடாமல் பால் ஐஸ் போடுங்கள். முந்தின நாள் இரவே இதே சாக்லேட் பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிட்டால், அது உருக உருகப் பானத்தின் ருசி கெடாது. பிள்ளைகள் அந்தக் கட்டியையே எடுத்துச் சப்புவார்கள், அதுவும் நல்லதுதான்.

உங்கள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள் என்பதால், ஒரே தடவையில் சிரப் காய்ச்சி வைப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம். 50 கிராம் கோகோ, 150 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு. இவற்றைக் கலந்து, 200 மி.லி. வெந்நீரைச் சிறுகச் சிறுக விட்டுக் கரைத்து, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடுங்கள். பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். கோகோவில் இயற்கையாகவே மாவுச்சத்து இருப்பதால் கொதிக்கும்போது அது வெந்து சிரப் கொஞ்சம் கெட்டியாகும். அதனால்தான் இது சும்மா கலக்கிய தூளைப் போல உடனே அடியில் படிவதில்லை. ஆறியதும் விருப்பமிருந்தால் வனிலா எசன்ஸ் சில சொட்டு, அப்புறம் ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பத்து நாள் வரை தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு டம்ளர் குளிர்ந்த பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், பத்து டம்ளருக்கு வரும். இதில் கொதிநீர் வேலையே இல்லை என்பதால் பாலின் குளிரும் குறையாது. பிள்ளைகளே கலந்து குடித்துக்கொள்வார்கள்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. தாராளமாகப் போடலாம். கோகோவின் லேசான கசப்புக்குக் கருப்பட்டி மிகப் பொருத்தம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் பாலோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள், திரிந்துபோக வாய்ப்புண்டு. தண்ணீரில் பாகாக்கி, மண் போக வடிகட்டி, அதில் கோகோவைக் கரைத்துக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு குளிர்ந்த பாலில் சேருங்கள்.

எந்தப் பவுடர் வாங்குவது? 'டிரிங்கிங் சாக்லேட்' என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரைதான். சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதை வாங்கினால் தனியாகச் சர்க்கரை போடாதீர்கள். ஊட்டச்சத்து பானப் பவுடர்களில் மால்ட்டும் (முளைகட்டிய தானியத்தின் சத்து) சர்க்கரையும் அதிகம், கோகோ குறைவு. சாக்லேட் ருசி வேண்டுமென்றால் இனிப்பில்லாத கோகோவே நல்லது. அதிலும் இரண்டு வகை உண்டு. இயற்கையான கோகோ இளம் பழுப்பாக, சற்றுப் புளிப்போடு இருக்கும். காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது கறுப்பாக, மென்மையான ருசியோடு இருக்கும், பாலிலும் சுலபமாகக் கலக்கும். பட்டியலில் 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் அது இரண்டாவது வகை. குளிர்ந்த பானத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சாக்லேட் பாரை உருக்கிக் குளிர்ந்த பாலில் ஊற்றும் யோசனை மட்டும் வேண்டாம். கொழுப்பு பட்டென்று உறைந்து துகள் துகளாக நிற்கும், குடிக்கும்போது நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். பார்தான் இருக்கிறது என்றால், அதைப் பொடித்துக் கால் டம்ளர் சூடான பாலில் முழுக்கக் கரைத்துவிட்டு, பிறகு குளிர்ந்த பாலைச் சேருங்கள்.

மிக்ஸியில் அடிப்பதானால் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஆடை சேர்ந்த பாலை நெடுநேரம் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு மஞ்சள் பொட்டுகளாக மிதக்கும். சூடான சிரப்பை மூடிய ஜாரில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளிவிடும், கை சுட்டுக்கொள்ளும்.

இனிப்பு அளவு பற்றிக் கொஞ்சம் கவனம் தேவை. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் கை தானாகச் சர்க்கரையைக் கூட்டும். மேலே சொன்ன அளவிலேயே ஒரு டம்ளருக்கு 15 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. அதற்கு மேல் போகாதீர்கள். ருசி போதவில்லை என்றால் உப்பை இன்னொரு துளி கூட்டலாம், அல்லது அரைத் தேக்கரண்டி கோகோ. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இது வேண்டாம். வெயிலில் விளையாடிவிட்டு வந்தவுடன் முதலில் தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள், தாகம் அடங்கிய பிறகு சாக்லேட் பால் கொடுக்கலாம். கலந்ததை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டாம். வேலூர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பாலைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுக்கக் கூடாது.