மலைவீட்டுக் குப்பை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, எரிப்பதைப் பற்றியவை. மழை தொடங்கி விறகு நனைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈர விறகைப் பற்றவைக்கப் பால் கவர் ஒன்றைக் கொளுத்துகிறோம். ஒரே ஒரு கவர்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்? – வாசகி, கோத்தகிரி

கெடுதல்தான் அம்மா. பாலித்தீன் அரைகுறையாக எரியும்போது கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் வெளிவருகின்றன. குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்து வைக்கும் நம் வீடுகளில், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் குளிர்காயும் குழந்தையும் பாட்டியும்தான். பால் கவரில் தொடங்கும் பழக்கம் நாளடைவில் ஒயர் உறை, பழைய செருப்பு என்று வளரும். பி.வி.சி. கலந்த பொருளில் குளோரின் இருப்பதால், அதை எரிக்கும்போது டயாக்சின் என்ற நச்சு உருவாகிறது. அது உடலின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவவும் கூடாது. வெயில் அடிக்கும் நாளில் சில்வர் ஓக் சுள்ளிகளையும் பைன் காய்களையும் பொறுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வையுங்கள். பால் கவரின் மூலையைத் தனியாகத் துண்டித்து எறியாமல், ஒட்டியிருக்கும்படி வெட்டி, கழுவி, உலர்த்தி, சேர்த்து வைத்தால் பழைய பொருள் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

உரக்குழி நாறுகிறது. உடனே தீர்வு தேவை. – குன்னூர்

குழியா தொட்டியா, மூடி உண்டா, என்னென்ன போட்டீர்கள், எத்தனை நாளாகிறது என்று ஒரு வரிகூட எழுதாமல் உடனே தீர்வு கேட்டால், நான் எதை வைத்துச் சொல்வது? நாற்றம் என்றால் பெரும்பாலும் ஈரம் மிகுந்து, காற்றோட்டம் குறைந்திருக்கும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட்டு, வாரம் ஒருமுறை கிளறி, மழை இறங்காதபடி மூடுங்கள். யூகலிப்டஸ், சைப்ரஸ் இலைகள் மக்குவதற்கு வெகுநாள் பிடிக்கும் என்பதால் அவற்றைத் தவிருங்கள். மீனும் இறைச்சியும் போட்டால் காட்டுப்பன்றியும் கரடியும் வாசலுக்கு வரும். சமவெளியில் இரண்டு மாதத்தில் ஆகும் உரம், நம் குளிரில் நான்கு மாதம்கூட எடுக்கும். பொறுமை வேண்டும்.

தேநீர்க் கடையில் காகிதக் கப் பயன்படுத்தலாம் அல்லவா? – உதகை

கூடாது. அதன் உட்புறம் பூசியிருப்பது பிளாஸ்டிக். 2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் அடக்கம். அதில் 100 மில்லி சூடான பானம் கால் மணி நேரம் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள். கண்ணாடி டம்ளரும் ஒரு வாளி வெந்நீரும் போதும்.

மக்கும் பிளாஸ்டிக் பை என்று விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா? – மகளிர் குழு, கொடைக்கானல்

அப்படி அச்சடித்திருப்பவை எல்லாம் மக்குபவை அல்ல. சில, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உடைவதோடு சரி. உண்மையாகவே மக்கக்கூடிய பையும், ஏறத்தாழ 58 பாகை வெப்பம் தொடர்ந்து நிலவும் பெரிய உரக்கூடத்தில்தான் உரிய காலத்தில் மக்கும். உறைபனி விழும் ஊரில், வீட்டுக் குழியில் அதை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் குழுவாக இருப்பவர்கள். பழைய வேட்டி, சேலையில் பை தைத்துக் கடைகளுக்குக் கொடுங்கள்.

எங்கள் பள்ளி சார்பில் பிளாஸ்டிக் விழிப்புணர்வுப் பேரணி நடத்தவிருக்கிறோம். நல்ல முழக்கங்கள் ஐந்தாறு எழுதித் தர இயலுமா? – ஆசிரியர், கூடலூர்

எழுதித் தர மாட்டேன் ஐயா, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரணிக்கு என்னை அழைத்திருந்தார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் பிடித்து வந்த ஃப்ளெக்ஸ் பதாகையே பி.வி.சி. முடிவில் இருநூறு பிள்ளைகளுக்கும் உறையிட்ட பிஸ்கட் கொடுத்தார்கள். அன்று மாலை, மைதானத்தை ஒட்டிய ஓடையில் இருந்து தூய்மைப் பணியாளர் இருவரும் நானும் அந்த உறைகளைப் பொறுக்கினோம். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகின்றன. பிளாஸ்டிக் தீங்கானது என்று அறியாத பிள்ளை இந்த மலையில் இல்லை. தன் வீட்டில் இருந்து வாரத்துக்கு எவ்வளவு வெளியே போகிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் தெரியாது. அதைக் காட்டுங்கள். ஒரு வாரத்துக் குப்பையில் மக்காதவற்றை மட்டும் கழுவி, உலர்த்தி, சாக்கில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். தார்ப்பாய் விரித்து, பிள்ளைகளே இனம் பிரித்து எண்ணி எடை போடட்டும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு ஒருமுறை இதைச் செய்தபோது, ஷாம்பு, மசாலாத் தூள் பாக்கெட்டுகளின் குவியல்தான் மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மசாலாப் பாக்கெட் ஒன்றை நகத்தால் கீறி, இரண்டு தோலாகப் பிரித்து, நடுவே வெள்ளிபோல மின்னியதை எல்லாருக்கும் காட்டினாள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிடப்பதால் அதை எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை. மிஞ்சிப்போனால் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும் என்று விளக்கினேன். அடுத்த மாதம் அவள் அம்மாவும் பக்கத்து வீட்டார் மூவரும் காசு சேர்த்து மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கி அரைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். வாரக் கூலிக்காரர் சின்னப் பாக்கெட் வாங்குவது கையில் உள்ள காசுக்கு ஏற்பத்தான். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பெற்றோரை அழைப்பதானால் தோட்ட வேலை முடிந்த பிறகு அழையுங்கள், பிள்ளைகளையே பேசவிடுங்கள். படுகர் ஊரான ஹட்டியில் படுக மொழியிலும் பழங்குடிக் குடியிருப்பில் அவர்கள் மொழியிலும் பேச்சு நடக்கட்டும். உங்கள் ஊர் ஓடையில் விழும் உறை பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் கலந்து, கேரளத்தைக் கடந்து அரபிக் கடலை அடையும் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். பிஸ்கட் வேண்டாம், சுண்டல் அவித்து, வீட்டிலிருந்து கொண்டுவரும் கிண்ணத்தில் கொடுங்கள்.

நாப்கினைக் கழிவறையில் போடலாமா, எரிக்கலாமா? – பெயர் வேண்டாம்

இரண்டும் கூடாது. உள்ளே பிளாஸ்டிக் உண்டு. செய்தித்தாளில் சுற்றி, அடையாளமிட்டு, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். வெறுங்கையால் அதைப் பிரிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள்.

காட்டோரம் மது பாட்டில்கள் உடைந்து கிடக்கின்றன. – மசினகுடி

யானையின் பாதத்தையே கிழிக்கும் கண்ணாடி அது. 2022இல் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கும் 10 ரூபாய், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்; ஆகவே உடையாதவற்றைச் சேகரித்துக் கடையில் கொடுங்கள். உடைந்ததைத் தடித்த சாக்கில் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதி ஒப்படையுங்கள். காட்டுக்குள் போகாதீர்கள், உள்ளே கிடப்பதை வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.