அம்மா கூப்பிடுறாங்க!

கேள்வி: என் பையன் நாலாவது, பெண் ஏழாவது படிக்கிறார்கள். லீவில் சிரிக்கச் சிரிக்க ஒரு புது செஸ் கண்டுபிடிக்கிறோம் என்று 27 விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டம்கூட முடிந்தபாடில்லை, சண்டைதான். என் அப்பாவோ, "விதியை மாத்தினா அது செஸ்ஸே இல்லை" என்று பலகையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பலகையைத் தாத்தாவிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். விதி மாறி மாறித்தான் இந்த ஆட்டமே இங்கு வந்து நிற்கிறது. இன்று ராணி நிற்கும் கட்டத்தில் பழைய சதுரங்கத்தில் மந்திரி நின்றார். குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் போவார். அந்தக் காய்க்கு இன்றைய பாய்ச்சல் கிடைத்தது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐரோப்பாவில். 1996இல் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்கும் ஆட்டத்தை அறிவித்தார். 960 தொடக்க நிலைகள்! அதற்கு உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்திருக்கிறது.

ஆனால் 27 விதி வேண்டாம். ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். வாத்து செஸ் என்று ஒன்று உண்டு, 2016இல் உருவானது. பலகையில் கூடுதலாக ஒரு ரப்பர் வாத்து, அவ்வளவுதான். உங்கள் காயை நகர்த்தியதும் வாத்தைத் தூக்கி வேறொரு காலிக் கட்டத்தில் வைக்க வேண்டும். வாத்தை வெட்ட முடியாது, தாண்ட முடியாது. குதிரை மட்டும் தாண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆனால் யோசித்துத்தான் ஆட வேண்டும். இந்த ஒரு வாத்துக்காக 'செக்' என்ற விதியையே எடுக்க வேண்டியிருந்தது. ராஜாவை வெட்டினால்தான் ஜெயம். ஒரு விதியைத் தொட்டால் இன்னொன்று எப்படி ஆடும் என்று இதில் நன்றாகத் தெரியும்.

என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் உண்டாக்கியதையும் சொல்கிறேன். பெயர்: 'அம்மா கூப்பிடுறாங்க'. ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, எதிராளியின் ஒரு காயைக் காட்டி இப்படிச் சொல்லலாம். அந்தக் காய் தொடங்கிய கட்டத்துக்கே திரும்பிவிட வேண்டும். வீடு காலியாக இருந்தால்தான் செல்லும்.

முதல் ஆட்டமே நாலாவது நடையில் ரகளை. வெள்ளை ராணி எச்5 கட்டத்தில், இன்றைய மந்திரி (பிஷப்) சி4இல். இரண்டும் எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. கறுப்பு, குதிரையை எச்6இல் வைத்துக் காத்தான். வெள்ளை ஆடிய சிறுமி, "குதிரையை அம்மா கூப்பிடுறாங்க!" என்றாள். குதிரை ஜி8க்குப் போனது. அதே மூச்சில் ராணியை எஃப்7இல் இறக்கினாள், செக்மேட். அவன் விடவில்லை. "அப்ப உன் ராணியையும் அம்மா கூப்பிடுறாங்க!" ராணியின் வீடான டி1 காலியாகத்தான் இருந்தது. வகுப்பே எழுந்து நின்று கத்தியது.

அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். கூப்பிடுவதே ஒரு நடை, கூப்பிட்ட கையோடு வேறு காயைத் தொடக் கூடாது என்று முடிவானது. அப்படி வைத்ததும் கறுப்புக்குச் சமாளிக்க ஒரு நடை கிடைத்துவிடுகிறது, ஆட்டம் சமமானது. செக்கில் இருக்கும்போதும் கூப்பிடலாம். அதனால் எதிராளியிடம் அந்த வார்த்தை மிச்சம் இருந்து, செக் வைத்த காயின் வீடும் காலியாக இருந்தால் அது மேட் இல்லை. இதற்குப் பிறகு பிள்ளைகள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ராணியை வெளியே அனுப்பினால், டி1இல் ஒரு யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், வீடு காலியாக இருக்கக் கூடாதாம்! யானையை நடுவுக்குக் கொண்டுவா என்று நான் மாதக்கணக்கில் சொல்லியும் செய்யாதவர்கள்.

ராஜாவைக் கூப்பிட முடியாது. சிப்பாயையும் கூப்பிட முடியாது, எந்தக் கட்டத்திலிருந்து கிளம்பியது என்று நடு ஆட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சிப்பாய் ராணியாக மாறினால் அதற்கு வீடே இல்லை.

சரி, உங்கள் வீட்டு 27 விதிகளில் இருவருக்கும் பிடித்த ஒன்றை எடுக்கச் சொல்லி, அதை மட்டும் வைத்துப் பத்து ஆட்டம் ஆடவிடுங்கள். சண்டை வந்த இடத்தை நோட்டில் குறிக்கட்டும். அங்கேதான் அடுத்த விதி வேண்டும். அப்புறம், நடுவர் நாற்காலியில் தாத்தாவை உட்கார வையுங்கள். வீடு காலியா என்று பார்த்துச் சொல்ல, பலகையைக் கரைத்துக் குடித்த ஒருவர் வேண்டும்.