தீற்றல் நிற்கவில்லையே, பெரிய செட் வாங்கலாமா?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனே பாணியில், நிறங்களைக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் தீற்றி ஒரு ஏரிக்கரையை வரையப் பார்க்கிறேன். 24 நிற அக்ரிலிக் செட்டும் மெத்தென்ற நைலான் தூரிகைகளும் வாங்கினேன். காய்ந்தால் தீற்றல் சப்பையாகிவிடுகிறது, நிறமும் சேறாகிறது. கடைக்காரர் 48 நிற செட் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1905-இல் மோனே தம் கடிதம் ஒன்றில் பட்டியலிட்ட நிறங்களே ஆறுதான்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. கறுப்பு அதில் இல்லை. ஈயமும் வெர்மிலியனில் இருக்கும் பாதரசமும் நஞ்சு என்பதால், இன்று டைட்டானியம் வெள்ளையும் ஏதாவது ஒரு நல்ல சிவப்பும் போதும்.

சேறாவதற்கு வருவோம். டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். அல்ட்ராமரீன் நீலம் என்றால் 'பி.பி. 29' (PB29) என்று ஒரே நிறமிக் குறியீடு இருக்க வேண்டும். பெரிய செட்டுகளில் பல டியூப்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமிகளின் கலவை. அதில் இன்னொன்றைக் கலந்தால் மங்காமல் என்ன செய்யும்? பெயரோடு 'ஹ்யூ' என்று இருந்தால், அசல் நிறமிக்குப் பதில் மாற்று போட்டிருக்கிறார்கள். அது மோசடி இல்லை, ஆனால் அசலின் விலை கொடுக்காதீர்கள்.

சப்பையாவது உங்கள் கைக்குற்றம் இல்லை. அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியானதும் பெயின்ட் சுருங்கிவிடும். 'ஹெவி பாடி', அதாவது கெட்டியான பெயின்ட், என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். முடிந்தால் கடையிலேயே கொஞ்சம் பிதுக்கி, கத்தி முனையால் தூக்கிப் பாருங்கள். தயிர்க்கட்டி மாதிரி முனை நிற்க வேண்டும், வழியக் கூடாது. ஆயில் பெயின்ட் இன்னும் நன்றாக நிற்கும். தடித்த தீற்றல் மேலாகக் காயவே நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

தூரிகைக்குப் பன்றி முடியில் தட்டையாக இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மயிரை விரலால் வளைத்து விட்டால் சட்டென நிமிர வேண்டும். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். என்னிடம் எப்போதும் முதலில் தீர்வது அதுதான்.

பழைய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கேன்வாஸில் மெல்லிய அடிப்பூச்சுக்கு ஆகும். காய்ந்த அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம். ஆனால் ஆயில் மேல் அக்ரிலிக் சரியாக ஒட்டாது, நாளடைவில் உரிந்துவிடும்.