ரீயூனியன் தீவு: காலையில் மலை, மதியத்தில் கடல்

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தங்கை குடும்பம் ரீயூனியன் தீவில், சேன்-தெனியில் இருக்கிறது. மே மாதம் முட்டிவலிக்கார அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எட்டு நாள் போகிறோம். சின்னத் தீவுதானே, தங்கை வீட்டிலேயே தங்கி தினம் ஒரு பக்கம் போய்வந்தால் போதாதா?"

போதாதம்மா. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் பித்தோன் தெ நேஜ் என்ற மலை 3,070 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. நல்ல சாலையெல்லாம் பெரும்பாலும் கரையை ஒட்டியே சுற்றுகிறது. உள்ளே ஏறினால் வளைவுமேல் வளைவு. தலைநகரான சேன்-தெனி வடக்கு மூலையில் இருக்கிறது. வேலை நாள் காலையில் அங்கே நெரிசலும் அதிகம். தினமும் அங்கிருந்து கிளம்பினால் பாதி விடுமுறை வண்டிக்குள்ளேயே போய்விடும்.

தீவைத் தூரத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், மழையை வைத்துப் பிரியுங்கள். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மேற்குக் கரை மழை மறைவில் காய்ந்து கிடக்கும். 2024 ஃபெஞ்சல் புயலில் நம் புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியதே, நினைவிருக்கும். 1966 ஜனவரியில் தெனீஸ் புயலின்போது இந்தத் தீவின் ஃபோக்-ஃபோக் மேட்டில் 24 மணி நேரத்தில் பெய்தது 1,825 மில்லிமீட்டர். உலகச் சாதனை அது. அங்கே புயல் காலம் முக்கியமாக ஜனவரி முதல் மார்ச் வரை. நீங்கள் போகும் மே மாதம் குளிரும் வறட்சியும் தொடங்கும் நேரம், நல்ல தேர்வு.

முதல் மூன்று நான்கு இரவு மேற்குக் கரையில், சேன்-ஜில் பக்கம் தங்குங்கள். அங்கிருந்து ஒருநாள் விடியும் முன்பே கிளம்பி, 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாய்தோ முனைக்கு ஏறிவிடுங்கள். காலடியில் மஃபாத் பள்ளத்தாக்கு தெரியும். அதற்குள் கார் போகிற சாலையே கிடையாது; ஊர்க்காரர்கள் நடந்துதான் போகிறார்கள், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

மதியம் இறங்கி வந்து லெர்மித்தாஜ் கடலுக்குப் போங்கள். பவளத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: திட்டுக்கு வெளியே, காவலர் இல்லாத இடத்தில் கால் வைக்கக் கூடாது. சுறா தாக்கி உயிர்கள் போனதால் 2013 முதல் தடையே இருக்கிறது.

அடுத்து எரிமலை. பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் உலகின் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று. முந்தின இரவு மேலேயே, பூர்-முய்ரா ஊரில் தங்கிவிட்டால் விடியலில் போவது சுலபம். போகிற வழியில் செடிகொடி தீர்ந்து செம்மண்ணும் கருங்கல்லுமாக ஒரு சமவெளி வரும். பிள்ளைகள் வாய் மூடாமல் பார்ப்பார்கள். சாலை முடியும் பெல்கோம்ப் விளிம்பு 2,311 மீட்டர். அம்மா அங்கிருந்தே பார்க்கலாம். கீழே இறங்குவது நீண்ட படிக்கட்டு, முட்டிக்கு வேண்டாம். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர், குல்லா அவசியம். எரிமலை பொங்கினால் உள்பகுதியை மூடிவிடுவார்கள், முந்தின நாளே விசாரியுங்கள்.

பிறகு தெற்குக் கரை வழியாகக் கிழக்கே திரும்புங்கள். கடல்வரை ஓடி உறைந்த எரிமலைக் குழம்பின்மேலேயே சாலை போகிறது. சேன்ட்-ரோஸ் பக்கத்தில் ஒரு மாதா கோவில்: 1977-இல் குழம்பு வாசல்வரை வந்து, இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கரும்பாறை இன்றும் சுவரை ஒட்டியே கிடக்கிறது.

கிழக்குக் கரை ஊரான சேன்-ஆந்த்ரேயில் அவசரப்பட வேண்டாம். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய நம் ஆட்கள். கொலோஸ் கோவில் கோபுரத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். காவடி, தீமிதி எல்லாம் இன்றும் உண்டு. கும்பிடுகிறவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது, அதனால் தங்கை கூடவே இருக்கட்டும். அவர் பிரெஞ்சில் பேசினால் நிறையக் கதை கிடைக்கும். அங்கிருந்து சலாஸி அருவிகளும் எல்-பூர் கிராமமும் ஒரு பகல் பயணம். கடைசி இரண்டு நாளைத் தங்கை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலாவோஸை இந்த முறை விட்டுவிடுங்கள். அழகான ஊர்தான், ஆனால் ஏறும் சாலையில் 400-க்கு மேல் வளைவுகள். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வாந்தி வந்துவிடும்.

விசா விஷயத்தில் கவனம். பிரெஞ்சு மண்தான், யூரோதான். ஆனாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவர உதவும் ஷெங்கன் எல்லைக்குள் ரீயூனியன் வராது. பாரிஸுக்கு எடுத்த விசா மட்டும் இருந்தால் போதாமல் போகலாம்; விண்ணப்பத்திலேயே ரீயூனியன் என்று குறிப்பிடுங்கள். அப்புறம், அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். மலைச் சாலையில் தங்கை வீட்டுக்காரரே ஓட்டட்டும்.