உபுண்டுவை மறுபடி நிறுவாமல் ஹோம் டைரக்டரியைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியுமா?

முடியும். 120 ஜிபி வட்டு நிரம்பிவிட்டது, கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கிய 1 டிபி எஸ்எஸ்டியைப் பொருத்தியாயிற்று என்கிறீர்கள். இனி உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோமை மட்டும் நகர்த்தினால் போதும். நகலெடுப்பது சுலபம், பலர் கவிழ்வது, எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில்தான்.

புது வட்டை லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸிலும் திறக்கலாமே என்று எக்ஸ்ஃபேட் பக்கம் போக வேண்டாம். கோப்பின் உரிமையாளர், அனுமதி எதுவும் அதில் நிற்காது. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 விழுக்காட்டை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கும். 1 டிபியில் அது ஏறக்குறைய 50 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 விழுக்காடாகக் குறைத்துவிடுங்கள்.

நகலெடுக்கும்போது யாரும் லாகின் ஆகியிருக்கக் கூடாது. ரெகவரி மோடில் ரூட் ஷெல்லுக்குப் போங்கள். நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க்கை, கோப்பு அனுமதிகளும் இணைப்புகளும் அப்படியே வர, ஆர்க்கைவ் முறையில், ஏசிஎல், எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட், ஹார்ட்லிங்க் விருப்பங்களோடு ஓட்டுங்கள். மூலப் பாதையின் முடிவில் சாய்கோடு கட்டாயம். இல்லையென்றால் ஹோமுக்குள் இன்னொரு ஹோம் முளைக்கும், லாகின் திரையைத் தாண்ட முடியாது. சாயங்கால இடிமழையில் கரண்ட் போனால் (கேஎல்லில் அது புதிதா என்ன!) அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை எடுக்கும்.

இனி எஃப்எஸ்டேப். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற வட்டுப் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம், அதனால் பிளாக்ஐடி கட்டளை காட்டும் மாறாத அடையாளக் குறியீடான யூயூஐடியை எழுதுங்கள். பிறகு வரிசையாக மவுன்ட் ஆகும் (வட்டு இணையும்) இடம், ஈஎக்ஸ்டி4, டிஃபால்ட்ஸ், 0, 2. யூயூஐடியில் ஓர் எழுத்து தவறினாலும் பூட் ஆகும்போது 90 வினாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். இதற்குப் பயந்து, வட்டு கிடைக்காவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் சேர்ப்பவர்கள் உண்டு. உள்ளே பொருத்திய வட்டுக்கு அது வேண்டாம் என்பேன்: வட்டு கிடைக்காத நாளில் சிஸ்டம் சத்தமில்லாமல் காலி ஹோமோடு எழுந்து, லாகின் திரையிலேயே சுற்றவிடும்.

பழைய இடத்திலிருந்து புது வட்டைச் சுட்டும் சிம்லிங்க் குறுக்குவழியும் வேண்டாம். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் கூட ஸ்னாப் (தனித்து அடைக்கப்பட்ட செயலிப் பொதி) தான். நிஜப் பாதை ஹோமுக்கு வெளியே இருந்தால் ஸ்னாப் செயலிகள் திறக்க மறுக்கும்.

பழைய ஹோமுக்கு வேறு பெயர் கொடுத்து, அதே இடத்தில் காலி டைரக்டரி உருவாக்கி, ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் வெரிஃபை விருப்பத்தால் எஃப்எஸ்டேப்பைச் சரிபார்த்த பிறகு ரீபூட் செய்யுங்கள். பெயர் மாற்றாமல் மேலேயே மவுன்ட் செய்தால் பழைய கோப்புகள் அடியில் மறைந்து கிடக்கும். 120 ஜிபி வட்டில் ஒரு எம்பி கூடக் காலியாகாது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியபின் பழையதை அழித்துவிடுங்கள்.