ஹெட்ஸ்டாக் போல்ட்டில் கை வைக்காதீர்கள்

லேத்தில் (கடைசல் எந்திரம்) கடைந்த 12 மி.மீ. ராடின் வெளி முனை தடிப்பாக வருகிறது, ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாமா என்று கேட்கிறீர்கள். 12 மி.மீ. ராடைச் சக்குக்கு (ராடைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வெளியே 100 மி.மீ. நீட்டிக் கடைந்தால் வெளி முனை தடிப்பாகத்தான் வரும். டூல் தள்ளும்போது ராடு வளைந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டினால் டெயில்ஸ்டாக் சென்டர், அதாவது வெளி முனையைத் தாங்கும் கூர்முனை, கொடுத்துவிடுங்கள்.

ஹெட்ஸ்டாக் கோணலோ என்ற சந்தேகம் தீர, 25 மி.மீ. ராடை 75 மி.மீ. நீட்டி, இரு முனையிலும் வளையம் போல விட்டு நடுவைக் குறையுங்கள். அப்புறம் கிராஸ் ஸ்லைடை (டூலை உள்ளே, வெளியே நகர்த்தும் பகுதி) தொடாமல், ஒரே மெல்லிய வெட்டில் இரண்டு வளையத்தையும் கடைந்து மைக்ரோமீட்டரில் பாருங்கள். ஒரே அளவு என்றால் ஹெட்ஸ்டாக் சரி.

சென்டர் கொடுத்தும் வெளி முனை தடித்தால், டெயில்ஸ்டாக் பின்பக்கம் விலகியிருக்கலாம். அது வேறு கதை.

உங்கள் ஊர் குளச்சல் என்கிறீர்கள். ஆடிக் காற்றில் லேத்தின் பெட்டுக்கு (நீளமான இரும்பு அடித்தளம்) எண்ணெய் பூசாமல் விடாதீர்கள். கடலோரத்தில் என் லேத் ஒரே ராத்திரியில் துருப்பிடித்தது.