ஆப்பிரிக்கத் தத்துவம் படிக்க விரும்பும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

ஆப்பிரிக்க மரபுச் சிந்தனையையும் மேலைத் தத்துவத்தையும் ஒப்பிட்டு ஆராயப் போவதாக உங்கள் மகள் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இது அவளுக்குப் பொருந்துமா என்பது அங்கேதான் தெரியும்.

'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று 1637-இல் எழுதினார் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த். ஆனால் ஆப்பிரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் பேசப்படும் பாந்து மொழிகளில் 'இரு' என்னும் வினை தனித்து நிற்காது, எங்கே அல்லது என்னவாக என்பதும் உடன் வரவேண்டும் என்று ருவாண்டாவின் அலெக்சிஸ் ககாமே சுட்டிக்காட்டினார். கானாவின் குவாசி விரெடு, தம் அகான் மொழியிலும் இருத்தல் என்பது ஓர் இடத்தில் இருப்பதே என்று விளக்கி, இடமே இல்லாத ஆன்மா என்ற கருத்து அம்மொழியில் பொருள்படாது என்று வாதிட்டார். வாசலில் வந்து நிற்பவர் "ஐயா இருக்கிறாரா?" என்று கேட்டால், வீட்டில் இருக்கிறாரா என்றுதானே நாமும் புரிந்துகொள்கிறோம்? இந்த ஒப்பீட்டை உங்கள் மகளே என்னிடம் சொன்னாள். சொல்லித்தந்து வருகிற கூர்மை அல்ல அது.

அறவியலில் அவள் இன்னும் நிதானிக்க வேண்டும். மேற்கு தனிமனிதனைப் போற்றும், ஆப்பிரிக்கா சமூகத்தைப் போற்றும் என்ற எளிய சூத்திரம் ஆராய்ச்சிக்கு உதவாது. ஒருவர் சமூகத்துக்குள் வளர்ந்துதான் படிப்படியாக 'மனிதர்' என்னும் தகுதியை அடைகிறார் என்று நைஜீரியாவின் மென்கிட்டி 1984-இல் எழுதினார். 'எல்லோரும் கடவுளின் பிள்ளைகள், எவரும் மண்ணின் பிள்ளை அல்லர்' என்ற அகான் பழமொழியைக் காட்டி, மனித மதிப்பு பிறப்பிலேயே உண்டு என்றார் கானாவின் குவாமே ஜெச்சே. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே நடக்கும் இந்த வாதம்தான் பாடத்தின் உயிர். இச்சிந்தனை ஏட்டோடு நிற்பதும் இல்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 1995-இல் மரண தண்டனையை நீக்கியபோது, நீதிபதிகள் பலர் 'உபுண்டு' என்னும் மனிதநேயக் கருத்தைத் தம் தீர்ப்புரைகளில் எடுத்தாண்டனர்.

இனி வேலை. கல்லூரி ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. அவற்றுக்குப் பொதுவாகத் தத்துவத்தில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சி வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். ஆனால் அப்பாடத்திட்டத்தில் ஆப்பிரிக்கச் சிந்தனை இல்லை. ஆகவே முதுகலையில் மேலைத் தத்துவத்தையும் இந்தியத் தத்துவத்தையும் அழுத்தமாகப் படித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு இந்த ஒப்பீட்டை எடுக்கட்டும். லெகோனிலுள்ள கானா பல்கலைக்கழகத்திலும் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் தத்துவத் துறைகள் உண்டு. அதற்குள் அகான் அல்லது தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியைக் கற்கத் தொடங்கியே ஆக வேண்டும். மொழி தெரியாமல் பிறர் மொழிபெயர்ப்பை நம்பி ஒப்பிடுவதை நான் ஒருபோதும் ஊக்குவிக்க மாட்டேன்.

மென்கிட்டி, ஜெச்சே இருவரில் யார் பக்கம் நிற்கிறாள், ஏன் என்பதை இரண்டு பக்கங்களில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.